வழி திறந்தும் கடக்காத தவளைகள்

பாக் விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. ராமநாதபுரத்து முற்றிய பனை ஒன்றைக் கொண்டுபோய் நடுக்கடலில் நட்டால், கொண்டை தண்ணீருக்கு மேலே தெரியும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை போகும் மணல்திட்டுகளை ஒட்டி ஆழம் இன்னும் குறைவு. பல இடங்களில் ஓர் ஆள் உயரம்தான். பெரிய கப்பல்கள் இந்தப் பக்கம் வராமல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போவது இதனால்தான்.

சேது என்றாலே நம்மூரில் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் நான் போகவில்லை. பூமியும் காலநிலையும் மாறும்போது உயிர்கள் எப்படி மாறுகின்றன என்று யாராவது கேட்டால், பதில் சொல்லத் தொடங்க இந்த ஆழமில்லாத கடல் மிக நல்ல இடம். ஏனென்றால் இது கடலாகவும் இருந்திருக்கிறது, தரையாகவும் இருந்திருக்கிறது. ஒருமுறை அல்ல, பலமுறை.

கடைசியாகத் தரையாக இருந்த காலத்தைப் பார்ப்போம். இன்றிலிருந்து சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தது. கனடாவும் வட ஐரோப்பாவும் கிலோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்ட பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தன. அவ்வளவு பனிக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்துதான். கடல்நீர் ஆவியாகி, பனியாகப் பெய்து, உருகாமல் அங்கேயே தங்கிவிட்டது. அதனால் உலகம் முழுக்கக் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்தது. 15 மீட்டர் ஆழமுள்ள பாக் விரிகுடாவுக்கு அப்போது என்ன ஆகியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தொண்டியில் புறப்பட்டு யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

மன்னார் வளைகுடா வேறு ரகம். கரையோரம் தீவுகளும் பாறைகளுமாக ஆழம் குறைவாக இருந்தாலும், தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். ஆகவே வடகடலான பாக் விரிகுடா முழுக்கத் தரையான காலத்திலும் தென்கடலான மன்னார் வளைகுடா கடலாகவே இருந்தது, விளிம்பு மட்டும் பின்வாங்கியது. மீனவர்கள் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்வது இன்றைய அலையை வைத்து. ஆழ்ந்து பார்த்தால் வயதிலும் அவை வேறுதான்.

பனியுகம் ஒன்றோடு முடிந்த சமாசாரமும் அல்ல. பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் அதன் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுகின்றன. அதனால் வடதுருவப் பக்கம் கோடை வெயில் குறையும்போது பனி சேர்கிறது, கூடும்போது உருகுகிறது. கடந்த பல லட்சம் ஆண்டுகளாக ஏறக்குறைய லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஏற்ற இறக்கம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இலங்கை நம்மோடு சேர்ந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் பிரிந்திருக்கிறது.

சரி, இதற்கும் பரிணாமத்துக்கும் என்ன சம்பந்தம்?

உடம்பு தேவைக்காக மாறாது

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். "குளிர் வந்தது, அதனால் விலங்குக்கு ரோமம் முளைத்தது", "வறட்சி வந்தது, அதனால் செடிக்கு முள் வந்தது" என்றுதான் பலரும் சொல்கிறார்கள், பாடப்புத்தகத்தைப் படித்து முடித்தவர்களும்கூட. நிலமோ வானிலையோ ஓர் உயிரின் உடம்பை அதன் தேவைக்கேற்பப் பிசைந்து கொடுப்பதில்லை. உண்மையில் நடப்பதை நேரில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதற்காக ஒருமுறை மட்டும் பசிபிக் கடலுக்குப் போய் வருவோம்.

கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1970-களிலிருந்து அங்குள்ள ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, காலில் வளையம் போட்டு விட்டுக்கொண்டிருந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சின்ன, மென்மையான விதைகளைக் குருவிகள் சீக்கிரமே தின்று தீர்த்தன. மிஞ்சியவை பெரிய, கெட்டியான விதைகள். அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். குருவிகளில் பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகுக்காரர்கள் அதிகம். அலகின் அளவு பெற்றோரிடமிருந்து வருவது என்பதால், அடுத்த தலைமுறைக் குஞ்சுகளின் சராசரி அலகு முந்தையதைவிடத் தடித்து இருந்தது.

கவனியுங்கள்: எந்த ஒரு குருவியின் அலகும் வளரவில்லை. தடித்த அலகும் மெல்லிய அலகும் வறட்சிக்கு முன்பே கூட்டத்தில் கலந்து இருந்தன. வறட்சி அவற்றுக்கு நடுவில் ஆளெடுத்தது, அவ்வளவுதான். அப்புறம் 1982-83-இல் எல் நினோவால் மழை கொட்டித் தீர்த்தது. சின்ன விதைகள் பெருகின. இந்த முறை சின்ன அலகுக்காரர்கள் கை ஓங்கியது. காலநிலைக்கு இலக்கு எதுவும் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. நேற்று எந்த அலகைத் தூக்கிவிட்டதோ, இன்று அதையே கீழே இறக்கியது.

இதுதான் இயற்கைத் தேர்வு. வேறுபாடு முதலில், சோதனை பிறகு. சோதனை வைப்பதில் நிலத்துக்கும் காலநிலைக்கும் பெரிய பங்கு. இரண்டாவதாக, ஒரே கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பதும், பிரிந்ததைச் சேர்ப்பதும் பெரும்பாலும் அவற்றின் வேலையே. பிரிந்த இரண்டும் நீண்ட காலம் கலக்காமல் தனித்தனியே வாழ்ந்தால், தனித்தனியே மாறி, ஒருநாள் சேர்த்து வைத்தாலும் இனம்பெருக்க முடியாத இரு வேறு இனங்களாகிவிடும். புது இனங்கள் பிறக்கும் வழிகளில் மிக எளிதாகப் புரியக்கூடியது இதுதான்.

இனி நம் கடற்கரைக்குத் திரும்பலாம்.

பாலமும் தடையும் ஒன்றே

பாம்பனில் தூக்குப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். 1914-இல் வந்த பழைய பாலமானாலும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமானாலும் விதி ஒன்றே. பாலம் மூடியிருந்தால் ரயில் போகும், கப்பல் நிற்கும். திறந்தால் கப்பல் போகும், ரயில் நிற்கும். ஒரே அசைவு ஒருவருக்கு வழி, இன்னொருவருக்குத் தடை. கடல்மட்டம் தாழ்ந்தபோது சேதுக்கரையில் நடந்ததும் இதுவே. தரையில் நடப்பவற்றுக்கு வழி கிடைத்தது. நீரில் வாழ்பவற்றுக்கு நடுவில் சுவர் விழுந்தது.

தரைவாசிகள் கதை பாதி நாம் எதிர்பார்ப்பது போலவே இருக்கிறது. இலங்கைக் காட்டில் யானை உண்டு, சிறுத்தை உண்டு, கரடி உண்டு, புள்ளிமான் உண்டு, மயில் உண்டு. எல்லாம் நம் காட்டிலும் உள்ளவையே. ஆனால் அச்சு அசலாக ஒன்றல்ல. இலங்கை யானையையும் இலங்கைச் சிறுத்தையையும் தனித் துணையினங்களாகவே வகைப்படுத்துகிறார்கள். வழி கடைசியாக மூடி 10,000 ஆண்டுகூட ஆகவில்லை. புது இனமாகப் பிரிவதற்கு அது ஒரு யானைக்குப் போதாது.

எதிர்பாராதது மீதிப் பாதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளும் இலங்கையின் தென்மேற்கு ஈரக்காடுகளும் பார்வைக்கு உடன்பிறந்தவை. உயிரியல் வளம் மிக்க உலகப் பகுதிகளைப் பட்டியலிடும்போது இரண்டையும் சேர்த்து ஒரே பகுதியாகத்தான் கணக்கு வைக்கிறார்கள். நடுவில் இத்தனை முறை தரைவழி இருந்தது என்றால், இரு காடுகளின் தவளைகளும் பாம்புகளும் கலந்து கிடக்க வேண்டும் அல்லவா? 2004-இல் ஓர் ஆய்வுக்குழு மரபணுவை வைத்து இதைச் சோதித்தது. மரத்தவளைகள், மண்புழு போலத் தெரியும், தவளைக்கு உறவான காலில்லாத சிசிலியன்கள், மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள், நன்னீர் மீன்கள், நண்டுகள், இறால்கள் என்று பல வகைகளை எடுத்துக்கொண்டார்கள். முடிவு, இரு பக்கமும் பெரும்பாலும் தனித்தனிக் குடும்பங்கள். கடந்து வந்தவை மிகச் சில.

வழி இருந்தும் ஏன் கடக்கவில்லை?

இந்தக் கேள்விக்கு வழங்கப்படும் விளக்கம் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். வழி நம் ஊர் வழியாக அல்லவா போகிறது! தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலை தடுத்துவிடும். கச்சான் காற்று இங்கே மழையைக் கொண்டு வருவதில்லை, மணலைத்தான் கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் மழைதான் ஆண்டுக் கணக்கு. எதிர்க்கரையில் மன்னார், யாழ்ப்பாணமும் வறண்ட பகுதியே. பனியுகத்தில் தென்மேற்குப் பருவமழை இன்னும் தளர்ந்திருந்தது. ஆக, மலைக்காட்டுத் தவளை ஒன்று இலங்கையின் ஈரக்காட்டை அடைய வேண்டுமானால், மேற்கு மலையிலிருந்து இறங்கி, உடைமரமும் பொட்டலுமான நாட்டைக் கடந்து, காய்ந்துபோன கடல்தரையைத் தாண்டி, அந்தப் பக்கத்து வறண்ட காட்டையும் கடக்க வேண்டும். யானை அதைச் செய்யும், தண்ணீர் இருக்கும் இடம் தேடி நடக்கும். தவளை செய்யாது. அதன் தோல் ஈரமாக இருந்தால்தான் அதற்கு மூச்சு. முட்டைக்கு ஓடு கிடையாது, வெயில் பட்டால் காய்ந்துவிடும்.

நிலம் வழி விட்டது, காலநிலை விடவில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நிலவியல் மாற்றத்தைத் தனியாகவும் காலநிலை மாற்றத்தைத் தனியாகவும் பாடம் நடத்துவது எளிது. உயிர்கள் இரண்டையும் சேர்த்தேதான் சந்திக்கின்றன. அதிலும் ஒவ்வோர் உயிரும் தன் உடம்புக்கு ஏற்றபடி சந்திக்கிறது. வரைபடத்தில் பாலம் என்று நாம் போடும் கோடு யானைக்குப் பாலம், தவளைக்குப் பாலைவனம்.

அபூர்வமாகக் கடந்தவை என்ன ஆயின என்பதும் சுவையானது. இலங்கையில் புதர்த்தவளைகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இதுவரை அறியப்பட்டவை 70-க்கும் மேற்பட்ட இனங்கள். நம் பக்கத்திலிருந்து எப்போதோ போய்ச் சேர்ந்த ஒரு மூதாதையின் வாரிசுகள் அவை என்கிறது மரபணு ஆய்வு. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டையை ஈரமண்ணிலோ இலையிலோ இடும், அதிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளியே வரும். குளம் குட்டை தேவையில்லாததால் மலைச்சரிவுகளில் ஏறிப் பரவ முடிந்தது. மலைகளுக்கு நடுவே பள்ளங்கள் வறண்டபோது ஒவ்வொரு கூட்டமும் தன் மலையில் தனித்துப் போனது. தனித்தது, மாறியது, பெருகியது. இங்கேயும் நிலமும் மழையும் கூட்டாகவே வேலை செய்திருக்கின்றன.

சங்கும் இறாலும்

தரைவாசிகளை விட்டுவிட்டுக் கடலுக்குள் இறங்குவோம். கடலுக்கு நடுவே நிலம் எழுந்து நீண்ட காலம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் காட்டும் எடுத்துக்காட்டு பனாமா. வட, தென் அமெரிக்காக்களை இணைக்கும் அந்த நிலக்குறுக்கு சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முழுதாக எழுந்தது. அதுவரை ஒன்றாயிருந்த கடல் பசிபிக், கரீபியன் என்று துண்டானது. கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பும் ஒருவகை இறால்களை நான்சி நோல்ட்டன் என்ற ஆய்வாளர் இரு பக்கமிருந்தும் எடுத்து ஒரே தொட்டியில் விட்டார். ஒரு பக்கத்து இறாலுக்கு மறுபக்கத்தில் அதே சாயலில் ஒரு ஜோடி இருந்தது. ஆனால் ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் குடும்பம் நடத்துவதற்குப் பதில் சண்டைதான் பிடித்தன. முட்டை பொரிந்தது மிக அரிது. பிரிந்த காலம் அவற்றை இரு வேறு இனமாக்கிவிட்டது.

சேதுவில் அந்த அளவுக்கு நடக்கவில்லை. காரணம் நமக்கு இப்போது தெரியும். இங்கே சுவர் நிரந்தரமாக நிற்கவில்லை, எழுந்தும் மூழ்கியும் மாறி மாறி வந்தது. அதோடு, வடகடலுக்கு அப்பால் வங்காள விரிகுடாவும் தென்கடலுக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலும் இலங்கையைச் சுற்றி ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டே இருந்தன. சுற்று வழி என்றுமே அடைபடவில்லை.

ஆனால் சுற்று வழி எல்லோருக்கும் பயன்படாது. முத்துச்சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரிந்த பிறகே பார் எனப்படும் கடலடிப் பாறையில் ஒட்டும். அதற்குள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்விடும். சங்கு அப்படி அல்ல. தாய்ச்சங்கு மணலில் பைபையாக முட்டை இடும். உள்ளேயே வளர்ந்து, ஓட்டோடு, ஊர்ந்து போகும் குட்டிச் சங்காகவே வெளியே வரும். மிதக்கும் பருவமே கிடையாது. பிறந்த மணலைவிட்டு அது எவ்வளவு தூரம் போய்விட முடியும்? அதனால் சங்குக் கூட்டங்கள் அந்தந்த மணலோடு ஒட்டிக்கொண்டவை. ஒவ்வொரு பகுதிச் சங்குக்கும் வடிவில் சிறு வித்தியாசம் இருந்ததால், ஓட்டைப் பார்த்தே எந்தக் கடல் சங்கு என்று வியாபாரிகள் தரம் பிரித்த காலம் உண்டு.

அவசரப்பட்டு இதைப் பரிணாமக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தரை சேறா மணலா, இரை எவ்வளவு என்பதைப் பொறுத்தும் ஓடு மாறும். ஒரே தாயின் இரு குட்டிகளை இரண்டு இடத்தில் விட்டாலும் வேறு மாதிரி வளரக்கூடும். பரம்பரையாக வந்த வித்தியாசம் எது, வளர்ந்த இடம் தந்தது எது என்று பிரிக்க மரபணுவைப் பார்க்க வேண்டும். ஆனாலும் கொள்கை தெளிவு: ஒரே தடை, மிதப்பவனுக்குத் தடையே இல்லை, ஊர்பவனுக்கு நாடு கடந்த தூரம்.

வடகடலில் எல்லோரும் புதியவர்கள்

பாக் விரிகுடா 10,000 ஆண்டுக்கு உட்பட்ட கடல் என்றால், அதில் இன்று வாழும் ஒவ்வோர் உயிரும் அல்லது அதன் மூதாதையும் வேறெங்கிருந்தோ வந்து குடியேறியதாகத்தான் இருக்க வேண்டும். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் எதிரே பரந்து கிடக்கும் கடற்புல் மேடுகள், மீனவர்கள் தாழை என்பவை, பனியுகத்தில் அங்கே இல்லை. அங்கே தரை இருந்தது. நீர் ஏறிவர, புல்லும் ஏறி வந்தது. புல்லுக்குப் பின்னால் ஆவுளியா வந்தது.

ஆவுளியா என்கிற கடற்பசுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நிலமும் காலநிலையும் ஒரு பரம்பரையை எப்படியெல்லாம் அலைக்கழிக்கும் என்பது அதன் வம்சத்தில் முழுதாகப் பதிந்திருக்கிறது. மீன் போல இருந்தாலும் அது பாலூட்டி. தரையில் அதற்கு மிக நெருங்கிய உறவு யானை. சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, நான்கு கால்களோடு நடக்கக்கூடிய ஒரு கடற்பசுவின் எலும்புகள் ஜமைக்காவில் கிடைத்து, 2001-இல் பெயரிடப்பட்டன. பூமி இன்றைவிட வெகு சூடாக இருந்த காலம் அது. வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல்கள் ஏராளம். அவற்றின் ஓரத்தில் கடற்புல். கரையில் மேய்ந்த ஒரு விலங்குக் கூட்டத்துக்கு அதுவே அழைப்பு. நம் நாட்டிலும் குஜராத்தின் கட்ச் பகுதியில் பழங்காலக் கடற்பசு இனங்களின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. இன்று கட்ச் உள்நாட்டில் அவை கிடைத்த இடங்கள் காய்ந்த நிலம்.

அப்புறம் பூமி குளிரத் தொடங்கியது. இந்த வம்சத்தின் ஒரு கிளை வட பசிபிக்கில் இருந்தது. அங்கே நீர் குளிர்ந்து கடற்புல் குறைய, பெரிய பழுப்புக் கடற்பாசிகள் பெருகின. அந்தக் கிளை பாசிக்கு மாறியது. மென்மையான பாசிக்குப் பல் தேவைப்படவில்லை, பற்கள் மறைந்தன. குளிரைத் தாங்கப் பெரிய உடம்பு உதவியது, எட்டு மீட்டர் வரை வளர்ந்தது. அதுதான் ஸ்டெல்லர் கடற்பசு. வெப்பக்கடலில் தங்கிய கிளையின் இன்றைய பிரதிநிதி நம் ஆவுளியா: மூன்று மீட்டர் உடம்பு, இன்னும் புல். ஒரே வம்சம், இரண்டு வெப்பநிலை, இரண்டு உடம்பு.

ஸ்டெல்லர் கடற்பசுவை ஐரோப்பியர் முதன்முதலில் பார்த்தது 1741. வேட்டையாடி முடித்தது 1768. குளிரைச் சமாளித்த உடம்பு ஈட்டியைச் சமாளிக்கவில்லை. ஆவுளியாவுக்காக 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. நம் மாவட்டத்துக்கு நேர் வடக்கே, அதே வடகடலில்.

இன்னும் பழைய பிளவு

இலங்கைக்கும் நமக்கும் நடுவே இப்படி ஒரு பள்ளம் ஏன் இருக்கிறது என்று கேட்டால், பனியுகம் எல்லாம் நேற்றைய சங்கதி ஆகிவிடும். இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இருந்தன. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அது உடையத் தொடங்கியபோது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலும் நிலம் இழுபட்டுத் தாழ்ந்தது. பிளவு முழுமையடையாமல் பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பள்ளத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வண்டலும், வண்டலோடு செத்த உயிர்களும் படிந்தன. ராமநாதபுரம் பகுதியில் பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் எரிவாயு அந்தப் படிவுகளிலிருந்து வருவதுதான். வழுதூர் மின்நிலையம் ஓடுவது அந்த வாயுவில்.

இந்தியா மடகாஸ்கரை விட்டு விலகியது ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அதன் பிறகு தனித் தீவாக வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. அந்தப் பயணத்தில் ஏறி வந்த பயணிகளில் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் இருக்கிறது. ஊதா நிறத்தில், ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடக்கும் ஒரு தவளை. 2003-இல்தான் அறிவியலுக்கு முறைப்படி அறிமுகமானது. அதன் மிக நெருங்கிய உறவினர்கள் பக்கத்துக் காட்டில் இல்லை. கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். செஷல்ஸும் அதே பழைய நிலத்திலிருந்து பிய்ந்து போன துண்டுதான். உப்புநீரில் நீந்த முடியாத தவளைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உறவாக இருக்கின்றன என்றால், நகர்ந்தது தவளை அல்ல, தரை.

கண்டத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும். கடல்மட்டம் ஆயிரமாயிரம் ஆண்டுகளில் ஏறி இறங்கும். வறட்சி ஒரே ஆண்டில் வந்து போகும். பரிணாமம் மூன்று வேகத்தையும் ஒரே சமயத்தில் எதிர்கொள்கிறது.

பவளம், இப்போது

ராமேஸ்வரம் தீவின் கரையோரத்தில் தண்ணீருக்கு மேலே நிற்கும் கல்லைக் கூர்ந்து பார்த்தால், சின்னச் சின்ன நட்சத்திரம் போலக் குழிகள் தெரியும். அது பவளம். கடலுக்குள் மட்டுமே வளரக்கூடிய பவளம் மேலே எப்படி வந்தது? ஸ்டோடார்ட், கோபிநாத பிள்ளை இருவரும் 1972-இல் ராமநாதபுரத்தின் இந்த உயர்ந்த பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வயது பார்த்ததில் சுமார் 4,000 ஆண்டு என்று வந்தது. பனி உருகி ஏறிய கடல் அப்போது இன்றைவிடச் சற்று மேலேயே நின்று, பிறகு இறங்கியிருக்கிறது. பாறை மேலே தங்கிவிட்டது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் இன்றைய உருவில் இளையவையே, சில ஆயிரம் ஆண்டுகள். ஆனால் அவற்றைக் கட்டும் பவள இனங்கள் லட்சக்கணக்கான ஆண்டுகள் பழையவை. கடல் இறங்கும்போது கூடவே இறங்கி, ஏறும்போது கூடவே ஏறி வந்திருக்கின்றன. அப்படியானால் இப்போதைய வெப்பத்தையும் சமாளித்துவிடுமே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன, வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அவற்றை வெளியேற்றிவிடும், வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 கோடைகளில் பெரிய அளவில் வெளுப்பு நடந்தது. கிளைகிளையாக வளரும் பவளங்கள் முதலில் சாகின்றன, பாறை போல உருண்டு வளர்பவை கூடுதலாகத் தாங்குகின்றன. டாஃப்னி தீவில் அலகுக்கு வைத்த சோதனையைப் போலத்தான் இதுவும். ஆனால் அங்கே சோதனைக்குப் பிறகு பெருக நேரம் கிடைத்தது.

இங்கே வேகம்தான் கணக்கு. கடைசிப் பனியுகம் முடிந்தபோது கடல் 120 மீட்டர் ஏறப் பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வரும். இன்று உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு நான்கு மில்லிமீட்டர் அளவில் ஏறுகிறது. ஆகவே கடல் ஏறுவதை மட்டும் வைத்துப் பவளம் அழியும் என்று பயமுறுத்துவது சரியல்ல என்பது என் கருத்து. வெப்பம் அப்படி இல்லை. அன்று பல டிகிரி சூடேறப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இப்போது ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. பல ஆண்டுகள் வளர்ந்த பிறகே முட்டையிடும் ஓர் உயிருக்கு, இரண்டு வெளுப்புகளுக்கு நடுவே சில தலைமுறைகூடக் கிடைப்பதில்லை.

இடமும் குறைந்திருக்கிறது. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. கடல் ஏறினால் அலையாத்தி உள்நாட்டுப் பக்கம் நகரும். விதை நீரில் மிதந்து போய்ப் புதுச் சேற்றில் வேர்விடும், பனியுகம் முடிந்தபோது அப்படித்தான் பின்வாங்கியது. இப்போது பின்னால் சாலை, உப்பளம், இறால் பண்ணை. அதே நேரம் எந்தக் கடல்மட்டமும் திறந்துவிடாத வழியை நாம் திறந்துவிட்டோம். அமெரிக்கக் கண்டத்துச் சீமைக்கருவேலம் இன்று ராமநாதபுரத்துக் கண்மாய்களை நிறைத்து நிற்பது எந்த நிலப்பாலத்தாலும் அல்ல.

பவளக் கல்லைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் பாம்பன், மண்டபம் பக்கம் கரையோரம் நடந்தால் போதும், படகு தேவையில்லை. முன்பு இந்தக் கல்லை உடைத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள், சுவர் கட்டினார்கள். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நினைவுக்கு ஒரு துண்டு என்று பெயர்த்து எடுத்து வராதீர்கள்.